மின்சாரத்தைத் தின்பது நேரமல்ல, சூடு
"முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரம் இரண்டு மணி நேரம் ஓடும், ஆகவே மின்கட்டணம் இரட்டிப்பாகும்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பழைய இயந்திரத்தை மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நேரக் கணக்கு சரி, முடிவு பிழை. சூடுநீரில் துவைக்கும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. 15 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். தொட்டியைச் சுழற்றும் மோட்டாருக்கு அவ்வளவு தேவையில்லை. 'கொட்டன்' (பருத்தி உடுப்பு) தெரிவை அப்படியே அழுத்தினால் பல இயந்திரங்கள் தாமாகவே 40 அல்லது 60 பாகைக்குப் போய்விடும். மின்கட்டணம் எகிறுவது அங்கேதான். வெப்பநிலைப் பொத்தானை அழுத்திக் குளிர்நீருக்கு மாற்றுங்கள். மட்டக்களப்பு வெயிலில் கூரைத் தாங்கி நீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, அன்றாட உடுப்புக்கு அது போதும். மேற்பக்கம் திறக்கும் இயந்திரத்தைவிடத் தண்ணீரும் வெகுவாக மிச்சமாகும்.

உண்மையில் பார்க்க வேண்டியது தாங்கியின் உயரம். 10 மீற்றர் உயரத்துக்கே ஏறத்தாழ ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) நீரழுத்தம் கிடைக்கும். கல்லடிப் பக்கத்து மாடியில்லா வீடுகளில் அதில் பாதிகூட இராது. இயந்திரம் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.