காரணம் சொல்ல வேண்டும் என்பதை முதலில் விதியாக்குங்கள்

தெற்காசிய நாடுகள் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக்குப் பொது நெறிமுறை வகுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வெறும் நெறிமுறை போதாது. தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டியே விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகைதான்.

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கடன் ஆப்பில் விண்ணப்பித்தார். ஆதார், பான், செல்ஃபி எல்லாம் வாங்கிக்கொண்டு உடனே 'தகுதி இல்லை' என்று செய்தி வந்தது, ஏன் என்று கேட்கலாம் என்று போன் போட்டால் அங்கேயும் பதிவு செய்த குரல்தான். கூலி கையில் வாங்குகிறவர், சம்பளச் சீட்டு கிடையாது. அதனால்தானா, வேறு ஏதாவதா? யாரிடம் போய்க் கேட்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் தனிநபரின் கடன் தகுதியை எடைபோடும் மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது. நம் மாநில அரசுகூட 2020லேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. தனியார் ஆப் வரைக்கும் அது வந்து சேரவில்லையே!

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014ல் காட்மாண்டுவில் கூடியதோடு சரி. அதற்காகக் காத்திருக்காமல், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் இலங்கை, சிங்கப்பூரோடு இந்தியா பேசட்டும். கடன் மறுத்தால் காரணம் தமிழில், எழுத்தில், ஒரு மனிதர் எடுத்துப் பேசும் போன் நம்பரோடு வர வேண்டும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.