“ஹிட்லர் செய்ததெல்லாம் சட்டப்படியே”: பரவும் கூற்றும் உண்மையும்

“ஹிட்லர் ஆட்சியில் நடந்தவை அனைத்தும் சட்டப்படியே நடந்தன, ஆகவே சட்டத்தின் ஆட்சிக்கும் அறத்துக்கும் தொடர்பில்லை” என்ற கூற்று தொடர்ந்து பகிரப்படுகிறது. இது தவறு.

1933 மார்ச்சில் அமைச்சரவைக்கே சட்டமியற்றும் அதிகாரத்தை அளித்த சட்டம் நிறைவேறியபோது, தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் வாக்களிக்க இயலவில்லை. 1934 ஜூன் 30 தொடங்கிப் பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். ஜூலை 3 அன்று, அந்த மூன்று நாள் நடவடிக்கைகளும் சட்டபூர்வமானவை என்று ஒரே ஒரு பிரிவு கொண்ட சட்டம் அறிவித்தது. அவை முன்னரே சட்டப்படி அமைந்திருந்தால், கொலைகளுக்குப் பிறகு அப்படியொரு சட்டத்தை எழுத வேண்டிய தேவையே எழுந்திராது. மாற்றுத்திறனாளிகளைக் கொன்ற திட்டத்துக்கோ அதுவும் இல்லை; 1939 செப்டம்பர் 1 எனத் தேதியிடப்பட்டு, ஹிட்லர் கையொப்பமிட்ட ஒரு கடிதமே அதற்கு அடிப்படை.

சட்டத்தை ஆயுதமாக ஏந்தி ஆள்வது வேறு, ஆள்வோரும் சட்டத்துக்குக் கட்டுப்படுவது வேறு. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதி, சுதந்திரமான நீதிமன்றம், விசாரிக்காமல் தண்டிக்காமை ஆகியவை இரண்டாவதன் உயிர்நாடி.

அதே வேளையில், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டங்கள் முறைப்படி வெளியிடப்பட்டவை என்பதை மறைக்கக் கூடாது. முறை மட்டும் நீதியாகிவிடாது. தாங்க இயலாத அளவுக்கு அநீதியான சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும் என்று ஜெர்மானியச் சட்ட அறிஞர் குஸ்டாவ் ராட்புரூக் 1946இல் வாதிட்டார். அத்தகைய சட்டமும் சட்டமே, ஆனால் கீழ்ப்படியத் தகாத அளவுக்குக் கொடிய சட்டம் என்பது பிரிட்டிஷ் சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1958இல் முன்வைத்த மறுப்பு. சட்டப்படியானது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடும் என்று இருவருமே ஏற்கவில்லை.