காவலர் மட்டுமல்லர்

குடல் அழற்சியின்போது கிளியா செல்கள் (குடல் சுவரில் நரம்பு செல்களைச் சூழ்ந்துள்ள துணைச் செல்கள்) நரம்புகளைக் காக்கின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவது பாதி உண்மையே. 1998இல் மரபணு மாற்றிய எலிகளில் இச்செல்களை அழித்தபோது சிறுகுடல் கடுமையாக அழன்று, இரத்தம் கசிந்து, எலிகள் இறந்தன. ஆனால் 2017இல் வேறு முறையில் அழித்தபோது அழற்சியே தோன்றவில்லை, பெண் எலிகளில் குடலசைவு மட்டும் விரைவுபட்டது. (இதைக் கட்டுரை விட்டுவிட்டது வியப்பளிக்கிறது.) மேலும், பெருங்குடல் அழற்சியுற்ற எலிகளில் நரம்பு செல்களிலிருந்து வெளியேறும் ஏடிபி (செல்களின் ஆற்றல் மூலக்கூறு) அருகிலுள்ள கிளியாவின் மேலுள்ள பி2ஒய்1 என்ற ஏற்பியை (சமிக்ஞையை உணரும் புரதத்தை) தூண்ட, அந்தக் கிளியாவின் கனெக்சின்-43 என்ற புரதத்தாலான வாயில்கள் திறந்து இன்னும் ஏடிபி கொட்ட, காக்கப்பட வேண்டிய நரம்பு செல்களே மடிகின்றன. புண் ஆறிய பின்னும் சிலருக்குக் குடலசைவுக் கோளாறு நீடிப்பதற்கு இவ்விழப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதுகிறேன்.