ப்ரோடிஜியம்: ரோம்ல சகுனத்துக்கும் ஆபீஸ் நடைமுறை

பண்டைய ரோம் பத்தின உங்க கட்டுரைல ப்ரோடிஜியத்தை, அதாவது தெய்வக் கோபத்தோட அறிகுறின்னு ரோமானியர்கள் நினைச்ச அதிசய நிகழ்வை, வெறும் மூடநம்பிக்கைன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, ஆனா அதுக்குப் பின்னாடி இருந்த ஆபீஸ் நடைமுறைதாங்க செம சுவாரசியம். யாராவது அதிசயம் பாத்தேன்னு வந்து சொன்னா உடனே பரிகாரம் கிடையாது, ரோமோட ஆட்சி மன்றமான செனட் அதை ஏத்துக்கணும், அப்புறம்தான் பூசாரிகள்கிட்டயோ, சிபில் ஏடுகளை (ரோம் பாதுகாத்து வச்சிருந்த தீர்க்கதரிசன நூல்கள்) பாக்குற பத்து பேர் குழுகிட்டயோ போகும். கிமு 169ல ஒருத்தர் வீட்டு முற்றத்துல பனைமரம் முளைச்சுது, தனியார் இடம்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க! ஃப்ரெகெல்லேங்கிற இத்தாலிய ஊர்ல ஒரு வீட்ல ஈட்டி ரெண்டு மணி நேரத்துக்கு மேல எரிஞ்சும் கருகவே இல்லையாம், அது வெளியூர்க் கணக்குன்னு அதுக்கும் நோ.

ரோமோட எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள்ள வந்துட்ட கிமு 218 குளிர்காலத்துல மட்டும் லிஸ்ட் எக்கச்சக்கம், ரோம் மாட்டுச்சந்தைல ஒரு மாடு தானா மூணாவது மாடி ஏறி, ஜனங்க போட்ட கூச்சல்ல மிரண்டு கீழ குதிச்சுது, பிசேனம்ங்கிற இத்தாலியப் பகுதில கல்மழை, அதுக்கு ஒன்பது நாள் சடங்கு, காலியா (Gallia) பகுதில ஒரு ஓநாய் காவல்காரனோட வாளை உறையிலேர்ந்து உருவிட்டு ஓடிடுச்சாம் (இதுதான் என் ஃபேவரைட்). இதெல்லாம் எழுதின ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியே, பக்தி முத்தினா வர்ற சேதியை எல்லாம் ஜனங்க சட்டுனு நம்பிடுவாங்கன்னு கொக்கி போட்டுதான் ஆரம்பிக்கிறார், அதையும் கட்டுரைல சேத்திருக்கலாம்.