ஜெபக் குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும்வரை ஐக்கியம் வராது

வாரம் தவறாமல் வீட்டு ஜெபம் நடக்கிற சபைகளில்கூட, பல வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிறவருக்குக் கடன் இருக்கிறதா, மகனோடு பேச்சு இருக்கிறதா என்று நமக்குத் தெரிவதில்லை. இரண்டு கீர்த்தனை, நாற்பது நிமிஷப் பிரசங்கம், எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு பொது ஜெபம், காணிக்கை, டீ. இதை ஐக்கியம், அதாவது ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிற உறவு, என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசுவாசக் குறைவுதான் காரணம் என்று மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அது எங்கெல்லாம் போகும் என்று உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதுதான் காரணம்.

"இன்னார் மகள் புருஷனை விட்டு வந்துவிட்டாள், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். அனுப்பியவர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எந்தக் கூட்டத்திலும் "கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறோம்" என்பதைத் தாண்டி வாய் திறக்காது.

வேதத்தில் யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர உழைத்தவர்களில், இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முக்கியமானவர். 1738 டிசம்பர் 25 தேதியிட்ட அவருடைய சிறுகுழு விதிகள் மிகவும் எளிமையானவை. வாரம் ஒரு முறையாவது கூட வேண்டும். குறித்த நேரத்துக்கு வர வேண்டும். பாட்டோ ஜெபமோ வைத்துத் தொடங்க வேண்டும். ஒருவர் முதலில் தன் நிலையைச் சொல்ல, மற்றவர்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும். அவரவர் நிலைக்கேற்ற ஜெபத்தோடு முடிக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் கூடினார்கள். முதலில் பேசுகிறவர் தன் பலவீனத்தைச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். தலைவர் தன் வெற்றிச் சாட்சியோடு தொடங்குகிற கூட்டத்தில் யாரும் தோல்வியைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் வெஸ்லியோடு எனக்கு உடன்பாடில்லை. மனதில் உள்ளதை ஒன்றுவிடாமல் சொல்லச் சம்மதமா என்று சேரும்போதே அவர் கேட்டார். நம் ஊரில் கல்யாண ஓலை வாசிப்பதும் (கல்யாணத்தைச் சபையில் முன்கூட்டி அறிவிப்பது) கல்லறையில் இடம் கொடுப்பதும் ஆயர் கையிலும் சபைக் கமிட்டி கையிலும் இருக்கிறது. சேகரத் தேர்தல் (சபை நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பது) வந்தால் பழைய ரகசியமெல்லாம் ஆயுதமாகிவிடும். இங்கே கட்டாயத் திறப்பு ஆபத்து. கலாத்தியர் 5:13 சொல்கிற சுயாதீனத்தில், "இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காருவதும் அடங்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கமிட்டி உறுப்பினரும் தேர்தலில் நிற்கிறவரும் குழுவை நடத்தக் கூடாது.

இப்படி ஒரு சிறுகுழுவுக்கு ஆட்கள் ஐந்திலிருந்து எட்டுவரை போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாட்டுக்கு 10 நிமிஷம், ஒரே ஒரு வேதப்பகுதிக்கு 15, பேச்சுக்கு 45, ஜெபத்துக்கு 20. ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஏழரை நிமிஷம் கிடைக்கும். பிரசங்கம் வேண்டாம், அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஒருவர் பேசி முடித்ததும் வசனத்தை எடுத்து அடிக்காதீர்கள். "ஜெபம் மட்டும் போதுமா, யோசனையும் வேண்டுமா?" என்று முதலில் கேளுங்கள். கேட்டதை வீட்டில் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொல்லக் கூடாது. ஜெபக் குறிப்பை நோட்டிலும் போனிலும் எழுதவே வேண்டாம்.

ஜெபிக்கும்போதுதான் பெரும்பாலும் ரகசியம் உடைகிறது. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கிற தெருவில், "ஆண்டவரே, இந்தச் சகோதரனைக் குடியிலிருந்து விடுவியும்" என்று உரத்த குரலில் ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். குரலைத் தாழ்த்துங்கள்.

டீ, பிஸ்கட்டோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டில் கேசரி, பஜ்ஜி என்று ஆரம்பித்தால், முடியாத வீட்டார் தங்கள் முறை வருவதற்குள் நின்றுவிடுவார்கள். குழுவுக்குள் கைமாற்று, சீட்டு, ஜாமீன் கையெழுத்து எதுவும் வேண்டாம். கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முடியாதபோது முதலில் விடுவது கூட்டத்துக்கு வருவதைத்தான். உதவி செய்ய மனமிருந்தால் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுங்கள்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள்மேல் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012 போக்சோ சட்டத்தின்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அடிபடுகிற பெண்ணிடம் "பொறுத்துக்கொண்டு ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பக் கூடாது, பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மனநல உதவி எண் 14416க்குப் பேச உடனிருந்து உதவுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பேச்சு வெளியே போய்விட்டால் மத்தேயு 18:15 காட்டுகிற வழியில் போங்கள். வெளியே சொன்னவரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். அவர் கேட்காவிட்டால் இன்னும் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாதிக்கப்பட்டவரை "மன்னித்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தக் கூடாது. இனி அந்தக் குழுவுக்கு வர அவருக்கு இஷ்டமில்லை என்றால் வற்புறுத்தாமல், வேறு குழுவில் அவர் சேர ஆயர் வழி செய்து கொடுக்க வேண்டும்.