பிரசவமான பெண்ணுக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்து காப்பாற்றாதுங்க

நம்ம கோபி, அந்தியூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிரசவமான பெண்ணுக்குத் தலைவலி வந்து, கண் மங்கி, வலிப்பு வந்தால் அது ஜன்னியாம், கையில் இரும்பைக் கொடுத்துத் திருநீறு பூசினால் போதுமாம். தப்புங்க, உயிரை வாங்குகிற தப்பு.

பிரசவமான பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு மளமளவென்று ஏறும்போது மூளையின் பின்பகுதியில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீங்கிவிடும். பார்வைக்கான இடம் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் கண்ணில் கோளாறே இல்லாமல் கண் இருட்டுகிறது. மருத்துவர்கள் இதைப் 'பிரெஸ்' என்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் வைத்து, அதை உடம்பு ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கும்கூட வரலாம்.

என் சின்னம்மா மகளுக்குப் பிரசவமாகி நாலாம் நாள். கால் வீங்கி மெட்டி கழலவில்லை, எதிரே இருந்த காபி டம்ளரைக் கையால் துழாவினாள். "ஏனம்மிணி, கண்ணு தெரியலையா?" என்று பெரியம்மா கேட்கும்போதே வலிப்பு. உடனே 108-ஐக் கூப்பிட்டோம். வலிப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள், அப்புறம் பிரஷரை மெதுவாக இறக்கினார்கள். சட்டென்று இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறைந்துவிடும் என்பதால் முதல் சில மணி நேரத்தில் கால்வாசிக்கு மேல் இறக்க மாட்டார்களாம். ஐந்தாம் நாள் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். நேரத்தோடு போனால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பிவிடும்.

வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். பிரசவமாகி 6 வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டுங்க.