இதய ஹார்மோன் அளவைத் தனித்துப் பார்க்க முடியாது

நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் ஒரு புரதக் கூறு) அளவு உயர்ந்திருந்தால் பின்னாளில் சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பும் கூடுதல் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரியே. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இதயத் தசை அழுத்தத்தால் விரியும்போது இதய ஹார்மோனோடு சேர்ந்து வெளிவரும் இக்கூறை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு இருப்பதால், வடிகட்டும் திறன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு அதன் காரணமாகவே அளவு ஏறிக் காட்டலாம். வயது கூடினால் அளவும் கூடும். உடல் பருமனிலோ, விந்தையாக, குறையும். ஆகவே இயல்பின் மேல் எல்லையாக வழக்கமாகச் சொல்லப்படும் மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராம் என்ற அளவை மட்டும் வைத்து அஞ்சவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

தக்கலையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், மருத்துவர் எழுதிய சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதப் பரிசோதனைக்கு (சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தைக் கிரியாட்டினின் என்ற கழிவோடு ஒப்பிடுவது) குப்பியை நீட்டினால், "சுகர் மட்டும் பார்த்தால் போதும்" என்று திருப்பித் தருபவர்களே அதிகம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் தொடர்ந்து வெளியேறுவது, கால் வீக்கம் தெரிவதற்கு வெகு முன்பே சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிவிடும். விலை கூடிய ஹார்மோன் பரிசோதனையைக் கேட்டு வருபவர்கள் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையையும், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இரத்தக் கிரியாட்டினினையும் முதலில் பார்த்துவிட்டால், அந்த ஹார்மோன் அளவுக்கு என்ன பொருள் என்று மருத்துவரால் தெளிவாகச் சொல்ல முடியும்.